வளைவும் மேடும்: பந்தயத் தடங்களின் கணக்கு



நம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் தேக்காவில் கால் வைக்காமல் திரும்புவதில்லை. தீபாவளிக்கு முன்னால் சேலை, பலகாரச் சாமான், பூமாலை என்று சிராங்கூன் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவோம். அந்தச் சிராங்கூன் சாலைக்கு இணையாக, பக்கத்திலேயே இன்னொரு சாலை ஓடுகிறது. மீன்தலைக் கறிக் கடைகளுக்குப் பேர்போன சாலை அது. அதன் பெயர் ரேஸ் கோர்ஸ் சாலை. அதாவது பந்தயத் திடல் சாலை. ஆனால் அங்கே பந்தயத்தையும் காணோம், குதிரையையும் காணோம்.

குதிரைகள் ஒரு காலத்தில் இருந்தன. 1842ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர்கள் ஒரு விளையாட்டுச் சங்கம் அமைத்து, 1843இல் அந்த இடத்தில் குதிரைப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். ஃபாரர் பார்க் என்று நாம் இன்று அறிகிற திடல்தான் அது. 1911ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் முதன்முதலாக ஆகாய விமானம் எழும்பிப் பறந்ததும் அதே திடலிலிருந்துதான். 1933இல் குதிரைப் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியது. பிறகு கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி, சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிவுக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் சாலையில் நிற்கிறது.

குதிரை ஓடுவதற்கு ஒரு தடம் அமைப்பது பெரிய வித்தையல்ல. முட்டை வடிவத்தில் ஒரு புல்வெளி, சுற்றிலும் ஒரு வேலி, அவ்வளவு போதும். மோட்டார் வந்த பிறகுதான் இந்த விஷயம் சிக்கலாயிற்று. ஒரு வளைவு எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும், ஒரு மேடு எவ்வளவு உயரலாம், தவறி விழுகிறவன் எங்கே போய் விழுவான் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்கவேண்டிய நிலை வந்தது. இதை யோசித்தவர்களும் உண்டு. யோசிக்காமல் விட்டவர்களும் உண்டு. சிங்கப்பூரில் இரண்டுக்கும் சான்று இருக்கிறது.

முதலில் தாம்சன் சாலைக் கதையைப் பார்ப்போம். ஜான் டர்ன்புல் தாம்சன் என்ற பழைய அரசாங்க நில அளவையாளரின் பெயரைக் கொண்ட சாலை அது. 1961 செப்டம்பரில், சுற்றுப்பயணிகளைக் கவர்வதற்காக, அந்தப் பகுதியில் ஒரு மோட்டார்ப் பந்தயம் வைத்தார்கள். தனியாகத் தடம் கட்டவில்லை. மேல் தாம்சன் சாலையில் ஒரு பகுதியையும், அதன் பின்னால் காட்டுக்குள் நெளிந்து போகும் பழைய மேல் தாம்சன் சாலையையும் இணைத்து, பந்தய நாள்களில் மட்டும் போக்குவரத்தை மூடிவிட்டு ஓட்டினார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 3 மைல். முதல் ஆண்டுப் பந்தயத்திற்கு ஓரியண்ட் ஆண்டுப் பந்தயம் என்று பெயர். 1962 முதல் அது மலேசிய கிராண்ட் பிரீ ஆனது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானதால் 1966 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ என்று நடந்தது. தடம் அதேதான், மரங்களும் அவையேதான். அரசியல் மாறியபோது பெயர் மட்டும் மாறிக்கொண்டது. கார்கள் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள்களும் அங்கே போட்டியிட்டன. ஜப்பானிலிருந்துகூட ஓட்டுநர்கள் வந்தார்கள்.

அந்தத் தடத்தின் பகுதிகளுக்கு ஓட்டுநர்களும் ரசிகர்களும் வைத்த பெயர்களைக் கேட்டாலே அதன் குணம் தெரிந்துவிடும். நேராக ஓடும் நீண்ட பகுதி ‘தாம்சன் மைல்’. அந்த நேர்ப்பாதையில் ஒரு ‘திமில்’. அது முடிகிற இடத்தில் கொண்டையூசிபோல் மடங்கும் ‘சர்க்கஸ் வளைவு’. (இந்த சர்க்கஸ் யானையும் கோமாளியும் வருகிற சர்க்கஸ் அல்ல. அந்தக் காலத்து ஆங்கிலச் சாலைப் பெயர்களில் வட்டச் சந்திக்கு அந்தச் சொல்லை வைத்தார்கள். நியூட்டன் சர்க்கஸ் என்று இன்றும் சொல்கிறார்களே, அதுபோல.) அதன்பின் காட்டுப் பாதையில் அடுத்தடுத்து நெளியும் ‘பாம்புகள்’. அதையும் தாண்டினால் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் சட்டென்று முறியும் ‘பேய் வளைவு’.

இவற்றில் திமிலைக் கொஞ்சம் நின்று கவனிப்பது நல்லது. பேருந்தில் போகிற ஒருவர் அந்த மேட்டை உணர்ந்திருக்கவே மாட்டார். ஆனால் பந்தயக் கார்கள் அந்த இடத்தில் தரையைவிட்டு எழும்பின. காரணம் எளிமையானது. ஒரு மேட்டின் மேற்புறத்தை ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டி அந்த வளைவோடு கீழே இறங்கவேண்டும். அப்படி இழுத்து இறக்குவது பூமியின் ஈர்ப்பு ஒன்றுதான். வேகம் அதிகமானால், ஈர்ப்பு வண்டியை இறக்குவதற்குள் சாலை கீழே நழுவிப் போய்விடுகிறது. சக்கரம் காற்றில் நிற்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி எழும்புவதற்கு, மேட்டின் வளைவு சுமார் 20 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக, அதாவது நல்ல செங்குத்தான திட்டாக இருக்கவேண்டும். மணிக்கு 200 கி.மீ. வேகத்திலோ, 315 மீட்டர் ஆரமுள்ள, கண்ணுக்கே தெரியாத மேடு போதும். வேகம் 4 மடங்கு ஆனால் அதன் விளைவு 16 மடங்கு ஆகிறது. 4 பெருக்கல் 4 பதினாறு. நம் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சொல்லக்கூடிய வாய்ப்பாடு இது.

காற்றில் நிற்கிற சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. அந்த நேரத்தில் ஓட்டுகிறவன் வெறும் பயணிதான்.

தாம்சன் சாலையின் உண்மையான ஆபத்து வளைவுகளில்கூட இல்லை, ஓரங்களில் இருந்தது. அது ஊர்ச்சாலை. ஆகவே பேருந்து நிறுத்தங்கள் இருந்தன, விளக்குக் கம்பங்கள் இருந்தன, மழைக்காலத்து வெள்ளத்தை வடிக்கும் ஆழமான கால்வாய்கள் தாரை ஒட்டியே இருந்தன. தடம் தவறிய வண்டி வேகம் தணிந்து நிற்க இடமே கிடையாது. தார் முடிந்த இடத்தில் கால்வாய் தொடங்கியது. மழையும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். 1964ஆம் ஆண்டுப் பந்தயம் கொட்டிய மழையால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய 1963இலும் பிந்திய 1965இலும் வென்றவர் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன். 1969 முதல் 1971 வரை நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் தொடர்ந்து மூன்று முறை வென்றார். அவர்களைப் போன்ற கைதேர்ந்தவர்களும் ஓட்டிய அந்தத் தடத்தில் 1972லும் 1973லும் உயிர்கள் போயின. போக்குவரத்தும் பெருகிவிட்டது, சாலையை மூடுவது பொதுமக்களுக்குத் தொல்லையானது. 1973க்குப் பிறகு பந்தயம் நிறுத்தப்பட்டது. 35 ஆண்டுகள் சிங்கப்பூரில் அப்படிப்பட்ட பந்தயமே நடக்கவில்லை.

இதையெல்லாம் தோட்டத்தில் இருக்கிற நமக்கு எதற்குச் சொல்லவேண்டும் என்று கேட்கலாம். சொல்கிறோம். பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் சைக்கிளில் போன காலம் போய், இன்று வீட்டுக்கு ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. விடியற்காலை வேலைக்குப் போவதும் அதில்தான், மாலையில் பிள்ளைகள் கடைக்கு ஓடுவதும் அதில்தான். இரவில் பையன்கள் பந்தயம் வைப்பதும் அதில்தான். நம் பள்ளியில் படித்த ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன், பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் மண்சாலை திரும்புகிற இடத்தில் கால்வாயில் விழுந்து இறந்துபோனான். அன்று அவன் யாரோடும் போட்டியிடவில்லை. எதிரே பழக்குலை ஏற்றிய லாரி வந்ததாம். லாலான் புல் ஆளுயரத்துக்கு நின்றதால் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியவில்லை. ஓரம் ஒதுங்கினான். ஒதுங்கிய இடத்தில் ஓரமே இல்லை, கால்வாய்தான் இருந்தது.

‘விதி’ என்றார்கள் லயத்தில். சிலர் ‘வேகம்’ என்றார்கள். இரண்டையும் சொல்லாமல் அந்த வளைவைப் போய்ப் பார்ப்பது ஆசிரியர்களான நம் வேலை என்று நாம் எண்ணினோம்.

இரண்டு சக்கர வண்டி வளைவில் திரும்பும்போது சாய்ந்தே ஆகவேண்டும். எவ்வளவு சாய்வு என்பது வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 13 பாகை சாய்ந்தால் போதும். ஓட்டுகிறவனுக்கே தெரியாத சாய்வு. 40 கி.மீ. என்றால் 23 பாகை. 60 கி.மீ. என்றால் 43 பாகை, ஏறக்குறைய செங்கோணத்தில் பாதி. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் அதைத் தாங்கும். சரளை உருளும் செம்மண்ணில் டயரின் பிடிமானம் தாரில் கிடைப்பதில் பாதிதான் என்று வைத்துக்கொண்டால், அங்கே 60 என்பது நடக்காத காரியம். 40கூட விளிம்பில் நிற்கிற வேகம். மழை பெய்த மறுநாள் இன்னும் குறைத்துக்கொள்ளவேண்டும். ‘நேற்று இதே வேகத்தில்தானே திரும்பினேன்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். நேற்று மண் வேறு.

இனி, யோசித்து அமைக்கிற தடத்தைப் பற்றிப் பார்ப்போம். அமெரிக்காவில் சூப்பர்கிராஸ் என்றொரு மோட்டார் சைக்கிள் பந்தயம் இருக்கிறது. மேடு பள்ளமான காட்டுவெளியில் ஓட்டுவது மோட்டோகிராஸ். அந்தக் காட்டையே தூக்கிக்கொண்டுவந்து நகரத்து விளையாட்டரங்கத்தின் நடுவில் வைத்தால் அது சூப்பர்கிராஸ். 1972ஆம் ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கொலோசியம் அரங்கத்தில் மைக் குட்வின் என்பவர் நடத்திய பந்தயத்திலிருந்து இந்த விளையாட்டு பரவியதாகச் சொல்வார்கள். அதில் வென்ற மார்ட்டி டிரைப்ஸ் 16 வயதுப் பையன்.

பந்தயத்துக்குச் சில நாள்களுக்கு முன்னால் அரங்கத்தின் புல்தரையைப் பாதுகாப்பாக மூடிவிட்டு, நூற்றுக்கணக்கான லாரிகளில் மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். புல்டோசர்களைக் கொண்டு மேடுகள் எழுப்புகிறார்கள். பந்தயம் முடிந்ததும் அத்தனை மண்ணையும் திரும்ப அள்ளிக்கொண்டு போகிறார்கள். வாரத்துக்கு ஒரு நகரம், ஒவ்வொன்றிலும் வேறு தடம். ஆகவே ஓட்டுநர் எவரும் ஒரு தடத்தைப் பல ஆண்டு ஓட்டிப் பழகிக்கொள்ள முடியாது. தடம் வகுப்பவர் புதிதாக ஏதாவது யோசித்துக்கொண்டே இருக்கவேண்டும். கொலோசியத்தில் ஒரு வேடிக்கை செய்தார்கள்: அரங்கத்தின் ஒரு முனையில் உயரமாக நிற்கும் தோரண வளைவுகள் வரை தடத்தை ஏற்றிக் கொண்டுபோய், ஓட்டுநர்கள் அந்த வளைவுகளுக்குள் புகுந்து வெளியே சென்று, மறுபடி உள்ளே நுழைந்து, சரிவில் அரங்கத்துக்குள் பாய்ந்து இறங்கும்படி வைத்தார்கள். பார்வையாளர்கள் இருக்கவேண்டிய இடத்தில் தடம் போனது. வேறு சில இடங்களில் ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதையைப் பாலம்போல் கடத்துவார்கள். இன்னும் சில இடங்களில் மண்ணுக்கு நடுவே மணல் படுகையைப் புகுத்துவார்கள்; சக்கரம் புதையும்.

இதில் மும்மேடு என்று ஒன்று உண்டு. அடுத்தடுத்து மூன்று மேடுகள். முதல் மேட்டில் எழும்பி, நடு மேட்டைத் தொடாமல் தாண்டி, மூன்றாவதின் மறுபுறத்தில் இறங்கவேண்டும். இடைவெளி சுமார் 70 அடி. 30 பாகைக் கோணத்தில் எழும்பினால் மணிக்கு 55 கி.மீ. வேகம் தேவை, ஏறத்தாழ ஒன்றரை விநாடி காற்றில் இருக்கவேண்டும். பயங்கரமாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் தடம் வகுப்பவர் செய்திருப்பதைக் கவனியுங்கள். இறங்குகிற இடம் சமதரை அல்ல, சரிவு. வண்டி எந்தச் சாய்வில் கீழே வருகிறதோ அதே சாய்வில் மண்ணையும் இழைத்து வைத்திருக்கிறார். அதனால் விழுகிற வேகம் எலும்பில் இறங்காமல் ஓட்டமாக மாறிவிடுகிறது. வேகம் போதாமல் மேட்டின் நெற்றியில் முட்டுகிறவனும், வேகம் மிஞ்சிச் சமதரையில் விழுகிறவனும்தான் அடிபடுகிறார்கள். அடிபடாத விளையாட்டு என்று நாம் சொல்லவில்லை, நிறையவே அடிபடுகிறார்கள். ஆனால் தடத்தின் ஓரத்தில் கம்பம் கிடையாது, கால்வாய் கிடையாது. நுரை அடைத்த மெத்தைக் கட்டிகள் கிடக்கின்றன. மருத்துவ உதவியாளர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். தாம்சன் சாலையில் ஆபத்து தானாகக் கிடந்தது; இங்கே அதை அளந்து வைக்கிறார்கள்.

மற்றொரு பகுதி நமக்கு மிகவும் தெரிந்தது. இரண்டரை, மூன்று அடி உயரமுள்ள சிறு மேடுகள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக, கடலலைபோல் இருக்கும். சாதாரணமாக ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறி முதுகெலும்பு கழன்றுவிடும். தேர்ந்த ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறார்கள்! மேடுகளின் தலைகளை மட்டும் தொட்டுக்கொண்டு பறக்கிறார்கள். இதற்கும் கணக்கு உண்டு. ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் சுமார் 3.3 மீட்டர் என்போம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்கக் கால் விநாடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. அந்த நேரத்தில் எந்தப் பொருளும் 28 செ.மீ. அளவுக்குத்தான் கீழே விழ முடியும். மூன்றடிக் குழியின் அடியைச் சக்கரம் தொடுவதற்குள் அடுத்த மேடு வந்து தாங்கிவிடுகிறது. பாதி வேகத்தில் போனாலோ, ஒரு மீட்டருக்கு மேல் விழ நேரம் கிடைத்துவிடும், குழிக்குள் இறங்கவேண்டியதுதான்.

நம் தோட்டத்து மண்சாலையில் ஏற்படும் அலைமேடுகள் இதன் குட்டிகள். அவற்றை யாரும் கட்டவில்லையே, எப்படி வந்தன? ஓடுகிற சக்கரம் ஒரு சிறு கல்லில் தட்டி மெல்ல எழும்புகிறது. எழும்பியது விழும்போது அங்கே மண்ணைத் தோண்டி, முன்னால் கொஞ்சம் தள்ளுகிறது. தள்ளிய மண் அடுத்த மேடாகிறது. அதே சாலையில் எல்லாரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போவதால், பின்னால் வரும் சக்கரங்களும் அதே இடத்தில் எழும்பி அதே இடத்தில் விழுகின்றன. கிரேடர் வைத்துச் சமன்படுத்தினாலும் சில வாரங்களில் மறுபடி வந்துவிடுகிறது. மிக மெதுவாகப் போகிற சக்கரம் மட்டும் அலையை உண்டாக்குவதில்லை. மாட்டுவண்டிப் பாதையில் தடம் பதிந்து பள்ளம் விழும், இப்படிப்பட்ட அலை விழாது. வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த அலைகளின்மேல் வேகமாகப் போனால் ஆட்டம் குறைவதாகப் பையன்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது மெய்தான். ஆனால் ஆட்டம் குறைந்த அந்த வேளையில் சக்கரம் மண்ணைத் தொடுவது பாதி நேரம் மட்டுமே. பிரேக் பிடித்தாலும் பாதிதான் பிடிக்கும். நாயோ குழந்தையோ குறுக்கே வந்தால் அந்த மீதிப் பாதிக்கு எங்கே போவது?

மறுபடியும் சிங்கப்பூருக்கு வருவோம். 2008 செப்டம்பர் 28ஆம் நாள் மரினா பே பகுதியில் நகரத்துச் சாலைகளையே மூடி ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. உலகிலேயே அவ்வகைப் பந்தயம் இரவில் நடந்தது அதுதான் முதல் முறை. சுமார் 1,500 விளக்குகளைத் தடத்தைச் சுற்றிலும் கட்டினார்கள். மழை பெய்து தார் நனைந்தாலும் வெளிச்சம் ஓட்டுநரின் கண்ணில் கூசாதபடி, நிழல் குறுக்கே விழாதபடி, கோணம் பார்த்து வைத்தார்கள். 5 கி.மீ. நீளத்துக்குச் சற்று மேற்பட்ட தடம், 23 வளைவுகள். அதன் ஒரு பகுதி, மக்கள் உட்கார்ந்து பார்க்கிற படிக்கட்டு மேடையின் அடியிலேயே புகுந்து போனது. லாஸ் ஏஞ்சலஸில் தோரண வளைவு என்றால் இங்கே பார்வையாளர்களின் காலடி!

அந்தத் தடம் பாடாங் திடலை ஒட்டிச் செல்லும்போது புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் பக்கத்தில் போகிறது. 1850களிலும் 1860களின் தொடக்கத்திலும் அந்த வெள்ளைக் கட்டடத்தை எழுப்பியவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டு அரைத்த சாந்து. சிங்கப்பூரின் பழைய சாலைகள் பலவற்றுக்கும் கல் உடைத்தவர்கள் அவர்களே. தொலைக்காட்சியில் பந்தயம் காட்டும்போது கார்களின் பின்னால் ஒரு கணம் அந்தக் கோபுரம் தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நகரத்துச் சாலையில் பந்தயம் என்றால் தாம்சன் சாலையில் இருந்த தொல்லைகள் எல்லாம் இங்கும் உண்டு. அவற்றை எப்படிச் சமாளித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். கம்பங்களுக்கும் கால்வாய்களுக்கும் முன்னால் கான்கிரீட் சுவரும் கம்பி வலையும் நிறுத்தினார்கள். சாக்கடை மூடிகளைக்கூட விடவில்லை. வேகமாகப் போகிற பந்தயக் காரின் அடியில் காற்றழுத்தம் குறைந்து உறிஞ்சுகுழாய்போல் வேலை செய்யும். இறுகப் பூட்டாத இரும்பு மூடியை அது தூக்கிவிடும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய காரின் அடிப்புறத்தை அப்படி ஒரு குழாய் மூடி நொறுக்கிவிட்டது. ஆகவே மூடிகளைப் பற்றவைத்து இறுக்குவது இத்தகைய தடங்களில் முக்கியமான வேலை.

ஆனாலும் எல்லாம் முதலிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. பத்தாவது வளைவில் இடமும் வலமுமாக ஒடித்து, உயரமான விளிம்புத் திட்டுகளை வைத்திருந்தார்கள். அதில் ஏறிய கார்கள் துள்ளின. ஓட்டுநர்கள் ஓயாமல் குறைகூறினார்கள். 2013இல் அதை எடுத்துவிட்டுச் சாதாரண இடது வளைவாக மாற்றினார்கள். பதினேழாவது வளைவின் கதை வேறு மாதிரி. 2008ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ரெனோ அணியின் இளைய ஓட்டுநர் நெல்சன் பிக்கே அங்கே சுவரில் மோதினார். அதனால் பந்தயத்தின் போக்கு மாறி, அதே அணியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ வென்றார். மோதியது தற்செயல் அல்ல, அணியின் ஏற்பாடு என்று 2009இல் வெளிப்பட்டது. ஏன் அந்த வளைவு? உடைந்த காரை உடனே தூக்க அங்கே கிரேன் இல்லை. ஆகவே மற்ற கார்களையெல்லாம் மெதுவாகப் போகச் செய்தே தீரவேண்டும். தடத்தின் குறைபாடு ஒன்றை நன்றாகப் படித்தவர்கள் அதைத் திருட்டுக்குப் பயன்படுத்தினார்கள் என்றே நாம் சொல்வோம். 2023இல் அந்தப் பகுதியில் கட்டட வேலை நடந்ததால் 16 முதல் 19 வரை இருந்த வளைவுகளை நீக்கி நேர்ப்பாதையாக்கினார்கள். தடம் 4.94 கி.மீ. ஆகவும் வளைவுகள் 19 ஆகவும் குறைந்தன.

தமிழ்நாட்டிலும் இந்த வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கிடந்தது. பல ஆண்டுகள் அதில்தான் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் கட்டினார்கள். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. நீளத்தில் இரவுப் பந்தயமும் நடந்தது. நம் நாட்டில் சிப்பாங் தடம் 1999 முதல் இருக்கிறது. செம்பனைகள் சூழ்ந்த அந்த இடத்துக்குப் போனவர்கள், வளைவுகளின் வெளிப்புறத்தில் எவ்வளவு வெற்றிடமும் சரளைப் படுகையும் விட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்திருப்பீர்கள். தவறுகிறவனுக்கென்று விட்டுவைத்த நிலம் அது.

பழைய மேல் தாம்சன் சாலை இன்னமும் இருக்கிறது. பேய் வளைவும் அதே வடிவில் இருக்கிறது. அதன் ஓரமாக 2019இல் ஒரு இயற்கைப் பூங்கா திறந்தார்கள். அரிதாகிப்போன ஒரு வகைக் கருங்குரங்கு சாலையில் இறங்கி வண்டியில் அடிபடாமல் மரத்துக்கு மரம் கடப்பதற்கு, சாலையின் குறுக்கே உயரத்தில் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள்.

நம் பள்ளிக்கூடத்துப் பின்புற வளைவுக்குத் திரும்புவோம். பெற்றோர் சங்கத்தாரும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று காரியங்கள் செய்தோம். வளைவின் உட்புறத்தில் 20 அடி அகலத்துக்கு லாலானை வெட்டினோம். எதிரே வருகிற லாரி இப்போது முன்கூட்டியே தெரிகிறது. வளைவுக்கு முன்னால் ஒரு மரத்தில் வெள்ளைச் சாயம் அடித்து, ‘இங்கிருந்து 30’ என்று எழுதினோம். கால்வாயின் ஓரமாகப் பழைய லாரி டயர்களை இரண்டு அடுக்காக வைத்து, ஒன்றோடொன்று கயிற்றால் இறுகக் கட்டினோம். தனித்தனியாக வைத்தால் இடித்ததும் சிதறிவிடும்; கட்டியிருந்தால்தான் எல்லாம் சேர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். பந்தயத் தடங்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு டயரின் அடிப்புறத்திலும் இரண்டு மூன்று துளைகள் போடவேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். சூடு ஏற்றிய இரும்புக் கம்பியைவிடத் துளையிடும் கருவி நல்லது. ரப்பர் கருகும் நாற்றம் லயம்வரை வரும்.